நூலா சாரி சொல்லாத நாள்

என் தம்பி ஜார்லத், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை முதல்முறை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, அவள் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வலியில் கண் கலங்கிவிட்டது. நெற்றியைத் தடவிக்கொண்டே நிலையைப் பார்த்து "சாரி" என்றாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கட்டையிடம் மன்னிப்புக் கேட்கிற இந்தப் பெண் எங்கள் குடும்பத்தில் எப்படிக் குப்பை கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள்தான் நூலா.

ஐரிஷ்காரர்களான எங்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. கடையில் பால் கேட்பதற்கு முன்னால் ஒரு சாரி. ஒருவர் நம் காலை மிதித்தால் அவர் ஒரு சாரி, நாம் ஒரு சாரி, இரண்டு பேரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதற்காக இன்னொரு சாரி. ஆனால் நூலா அதையெல்லாம் தாண்டியவள். முட்டை எடுக்கப்போனால் கோழியிடம் சொல்வாள். எண் தவறி யாராவது போன் செய்தால், கூப்பிட்டவர் சொல்வதற்குள் இவள் சொல்லிவிடுவாள். வெளியூர்க்காரர்கள் நனைந்துகொண்டு வந்தால், மழையைத் தானே வரவழைத்த மாதிரி அவர்களிடம் மன்னிப்புக் கேட்பாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நடுரோட்டில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசுகிறவர்களிடம் நான் பேசும் பேச்சைக் கேட்டுத்தான் ஊர்ப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. ஆனால் கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே ஊரில் இருந்தால் முட்டிக்கொள்ளத்தான் வேண்டும். எங்களுக்கு அதற்கு வழியே இல்லை. நான் வாய் திறப்பதற்குள் அவள் சாரி சொல்லி டீயும் கொடுத்துவிடுவாள். எத்தனை நல்ல சண்டைகள் அப்படி வீணாகப் போயிருக்கின்றன.

ராஸ்காமன் மாவட்டத்தில் கில்மோரன் என்ற எங்கள் ஊரில் ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடை, ஒரு தபால் நிலையம். தபால் நிலையத்தை நூலா நடத்தினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வூதியம் கொடுப்பாள், தபால்தலை விற்பாள், நாய்க்கு உரிமம் எழுதிக் கொடுப்பாள். விரல் மடங்கிப்போன கிழவர்களுக்குத் தபால்தலையை அவளே ஒட்டிக் கொடுப்பாள். வாலாட்டிக்கொண்டு வரும் நாய்களுக்காக மேசைக்கு அடியில் ஒரு டப்பா பிஸ்கட் வைத்திருப்பாள். அந்த இடத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள். காலையில் கதவைத் திறக்கும்போது பாட்டு முணுமுணுப்பாள், சுருதியே சேராது.

எல்லைக்கு வடக்கே, ஆங்கிலேயர் வசம் இருந்த பகுதியில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. நாட்டுக்காகப் போராடுகிறோம் என்று சொல்லிக்கொண்டவர்கள் போராட்டச் செலவுக்குத் தபால் நிலையங்களில் கொள்ளையடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஓய்வூதிய நாள் காலையில், முகமூடி போட்ட இரண்டு பேர் நூலாவிடம் வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்றான். மற்றவன் துப்பாக்கியை நீட்டினான்.

"நிதானமா எடுங்கம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான்.

டிராயர் திறக்கவில்லை. ஈரத்தில் பலகை உப்பிப்போயிருந்தது. நூலா இழுத்தாள், முட்டியால் இடித்தாள். துப்பாக்கி அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் சொன்னாள்: "சாரி. மழைக்காலத்துல இது இப்படித்தான்."

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவள் கையைக் கட்ட அவர்கள் கயிறு தேடியபோது, பார்சல் கட்டும் சணல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொன்னதும் அவள்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த நான்தான் அவளை முதலில் பார்த்தேன். நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்: "சாரி டெலியா, ஒனக்கு நேரமாயிருச்சா?"

நான் கட்டை அவிழ்த்துக்கொண்டே அழுதேன். அழுகிற ஆள் இல்லை நான். அவள் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலையில் பாட்டு நின்றுபோயிற்று. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அவள் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். முகம் சிரிக்கும், கை பிடித்துக்கொண்டிருக்கும்.

துப்பாக்கிக்காரன் அகப்பட்டான். வழக்கு வந்தது. அவன் குரலை அடையாளம் சொல்ல நூலா சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவன் தரப்பு வக்கீல், தலையில் விக் வைத்த ஒல்லி மனிதர், குழைந்து குழைந்து கேட்டார்.

"கொள்ளைக்காரன்கிட்ட நீங்க ஏதோ சொன்னீங்களாமே, அது என்னம்மா?"

"சாரி சொன்னேன்."

"அவர்கிட்ட? நீங்க?"

"ஆமாங்க. டிராயர் தொறக்கல."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூடக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் அந்த அம்மாவுக்குப் பயமே இல்லை, அரட்டையடிக்கிற மாதிரிதான் இருந்திருக்கிறார் என்று வக்கீல் பேசிக்கொண்டே போனார். தண்டனை கிடைத்தது, அது வேறு. ஆனால் கூண்டிலிருந்து இறங்கி வந்த நூலாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் அவள் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றைத் தட்டிவிட்டுச் சிரித்துவிட்டார்கள். அன்று வீடு வரும்வரை அவள் யாரிடமும் சாரி சொல்லவில்லை. மறுநாளே பழையபடி ஆரம்பித்துவிட்டாள், அது வேறு விஷயம்.

பிறகு சமாதானம் வந்தது. அதற்கு ஓட்டுப் போடச் சொன்னார்கள். போராட்டத்தின் பேரில் உள்ளே போனவர்களைக் காலம் முடியுமுன்பே விடுவதும் ஒப்பந்தத்தில் இருந்தது. நான் குதித்தேன்.

"அவனை வெளியில விடறதுக்கு நீயே ஓட்டுப் போடுவியா?" என்று கேட்டேன்.

"இனிமே ஒருத்தரும் சாகமாட்டாங்கன்னா போடுவேன்" என்றாள் நூலா. "நீயும் போடுவ. சும்மா குதிக்காத."

போட்டோம். இன்றைக்குக் கேட்டாலும் போடுவோம். அதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மனத்தாங்கல் வந்தது நாய் உரிமத்தால்.

ஒரு திங்கட்கிழமை தாடியும் தொந்தியுமாக ஒருவன் உள்ளே வந்தான். பக்கத்துத் தேவாலயப் பங்கில் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு குடிவந்தவன். நாய்க்கு உரிமம் வேண்டும் என்றான். நாய் வெளியே கட்டிக் கிடந்தது. நூலா எழுத ஆரம்பித்தாள். பேனாவில் மை வரவில்லை. வேறு பேனா தேடினாள்.

"நிதானமா எடுங்கம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான் அவன்.

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. வாய் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. "சாரி" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் அவனுக்கு உறைத்தது என்று நூலா சொல்வாள். அதுவரை அவனுக்கு இந்த இடமே ஞாபகம் இல்லை. எத்தனையோ தபால் நிலையங்களில் புகுந்தவன், கோர்ட்டில் ஒரு நாள் தூரத்தில் பார்த்த முகமும் இத்தனை வருடத்தில் மறந்துபோயிருக்கும். அவன் முகம் வெளுத்தது. பிறகு நூலா உரிமத்தை எழுதி முடித்தாள்.

"நாய் பேரு என்ன?" என்று கேட்டாள். உரிமத்துக்குப் பெயர் தேவையே இல்லை. வாய்க்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"சார்ஜென்ட்" என்றான்.

அவன் போனபிறகு பின்னறைக்குப் போய் தபால் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜார்லத் என்னைக் கூப்பிட்டான். நான் பஸ்ஸோடு வந்து நின்றேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"துப்பாக்கி தூக்கினவன் நாய்க்கு உரிமம் வாங்க வர்றானா? சட்டத்துமேல அவ்வளவு மரியாதையா? நாய்க்குப் பேரு சார்ஜென்டா? அவன் வீடு எங்கன்னு சொல்லு, பஸ்ஸை உள்ளயே விடறேன்."

"அவன் வந்ததுகூடப் பரவால்ல டெலியா" என்றாள் நூலா. "அவன் வெளியில வரப்போறான்னு ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு போன். அவ்வளவுதான். நான் மனசைத் தயார் பண்ணியிருப்பேன். பேனாவையாவது சரிபார்த்து வச்சிருப்பேன்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். பழிக்குப் பழி இல்லை. அவனைத் திரும்ப உள்ளே போடுங்கள் என்று இல்லை. அடிபட்டவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் அலைந்த அலைச்சலில் என் பஸ்ஸின் டயர் தேய்ந்தது.

போலீஸ்காரர் சிறைத்துறையைக் கேள் என்றார். சிறைத்துறை நீதித்துறையைக் கேள் என்றது. நீதித்துறையில் ஒரு பெண் மிகவும் அன்பாக, சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லையே என்றாள். சரி, சட்டத்தையே கேட்போம் என்று நூலாவை இழுத்துக்கொண்டு மலாக்கி டான்ஸியிடம் போனேன்.

டான்ஸி எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். எந்தக் கட்சியிலும் இல்லாதவர். சனிக்கிழமைகளில் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து குறை கேட்பார். எது கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் பாலத்தடி ரோட்டின் பள்ளங்களில் வந்து நிற்பார். அந்த ரோட்டைப் பற்றிப் பேசியே மூன்று தேர்தல் ஜெயித்தவர். ரோடு அப்படியேதான் இருந்தது. சரிசெய்துவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது.

"சாரி, உங்க நேரத்தை வீணாக்கறேன்" என்று தொடங்கினாள் நூலா.

டான்ஸி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கதை டிராயர் கட்டத்துக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், பீர் மூக்கில் ஏறிவிட்டது. நான் எழுந்துவிட்டேன். நூலா என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். நாய் உரிமம் வந்தபோது அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்தார். முதல்முறையாக அவர் ரோட்டைப் பற்றிப் பேசவில்லை.

"ஒரு மசோதா போடலாம்மா" என்றார். "தோத்தாலும் தோத்துரும். அமைச்சருக்கு இதெல்லாம் பிடிக்காது. சமாதானத்துல கை வைக்காதேம்பாங்க. ஆனா போடலாம்."

அவர் போட்டார். இரண்டு வருடம் கிடப்பில் கிடந்து, ஒருவழியாக விவாதத்துக்கு நாள் குறித்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை வாரம், அதனால் பஸ் சும்மா இருந்தது. ஊரில் பாதிப்பேர் ஏறிக்கொண்டார்கள். பழுப்பு ரொட்டி, ஹாம் சாண்ட்விச், பிளாஸ்க்கில் டீ. ஜார்லத் தன் ஒரே சூட்டைப் போட்டிருந்தான். கல்யாணத்துக்கு வாங்கியது, இழவு வீடுகளுக்குப் போட்டே தேய்ந்தது. டப்ளின் போகும் வழியெல்லாம் ஆளாளுக்குப் பாடினார்கள். நூலா மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"திரும்பவும் சிரிப்பாங்களா டெலியா?" என்று கேட்டாள்.

"சிரிச்சா நான் மேலேருந்து குதிச்சிருவேன்" என்றேன்.

"அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள்.

பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். முன்னால் கண்ணாடி. "இத்தனை வருஷத்துல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காருறது இப்பதான்" என்றாள் நூலா. மாடத்துக் காவலர் கெர்ரி மாவட்டத்துக்காரர், கோட்டும் டையுமாக இருந்தார். தணிந்த குரலில் விதிகளைச் சொன்னார். பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கை தட்டக் கூடாது. இந்த மாடத்தில் இதுவரை யாரும் கை தட்டியதே இல்லையாம்.

"சாரி" என்றாள் நூலா.

"நீங்க இன்னும் ஒண்ணும் பண்ணலயேம்மா" என்றார் அவர்.

"முன்கூட்டியே சொல்லி வச்சேன்."

விவாதம் தொடங்கியது. கீழே பாதி நாற்காலிகள் காலி. ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். முதலில் பேசிய ஓர் உறுப்பினர், ஆறிவரும் புண்ணைக் கிளறாதீர்கள், அரும்பாடுபட்டு வந்த சமாதானம் இது என்றார். இன்னொருவர், நீதி இல்லாத சமாதானம் நிலைக்காது என்று மேசையைத் தட்டினார். புள்ளிவிவரம் சொன்னார்கள், ஐரோப்பாவைச் சொன்னார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அதில் ஆளே இல்லை.

"சமாதானத்துக்கு ஓட்டுப் போட்டதே நான்தானே" என்று நூலா என் காதில் முணுமுணுத்தாள். "அதை யாரு கிளறுறா?"

டான்ஸி எழுந்தார். காகிதம் எதையும் எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினார்.

"எங்க ஊர்ல ஒரு தபால் நிலையம். அதுல ஒரு அம்மா. துப்பாக்கியோட ஒருத்தன் வந்து நின்னப்போ டிராயர் தொறக்கல. அந்த அம்மா அவன்கிட்ட சாரி சொன்னாங்க."

சபை சிரித்தது. போன் வைத்திருந்தவர்கூட நிமிர்ந்து சிரித்தார். நூலாவின் கை என் கையைப் பிடித்தது. மேசை விளிம்பைப் பிடிக்கிற அதே பிடி. எலும்பு நொறுங்கும்போல இருந்தது. நான் டான்ஸியைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

"சிரிங்க" என்றார் டான்ஸி. "நானும் சிரிச்சேன். கோர்ட்லயும் சிரிச்சாங்க. அப்புறம் அவனை வெளியில விட்டோம். விட்டது சரி, நானும் அதுக்கு ஓட்டுப் போட்டவன்தான். ஆனா அந்த அம்மாகிட்ட யாரும் சொல்லல. அவன் நாய் உரிமம் வாங்க அவங்க முன்னாலயே வந்து நின்னான். அப்பவும் அவங்கதான் சாரி சொன்னாங்க. துப்பாக்கிக்காரன்கிட்ட சொல்லியிருக்காங்க, என்கிட்ட சொல்லியிருக்காங்க, இன்னைக்கு இந்தக் கட்டடத்துக்குள்ள வரும்போதும் யார்கிட்டயாவது சொல்லியிருப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த நாட்டுல நாம யாராவது அதை அவங்களுக்குத் திருப்பிச் சொன்னமா?"

போன் வைத்திருந்தவர் அதைச் சட்டைப்பையில் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற காவலர் தொண்டையைச் செருமினார். நூலாவின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. அந்த நிமிஷத்தில் மலாக்கி டான்ஸி செய்த பாவமெல்லாம் என் கணக்கில் கழிந்துவிட்டது.

அவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். "அந்தத் தபால் நிலையத்துக்குப் போற ரோடு இருக்கே, சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பித்தார். மீதி நேரம் முழுக்கப் பள்ளம்தான்.

பிறகு நீதி அமைச்சர் எழுந்து, ஒரு முற்றுப்புள்ளி இல்லாமல் பேசி உட்கார்ந்தார். சபாநாயகர் ஐரிஷ் மொழியில் ஏதோ கடகடவென்று ஓதினார். கீழே நாலைந்து பேர் முனகினார்கள். எங்கள் தாய்மொழி என்று நாங்கள் மார்தட்டிக்கொள்ளும் மொழிதான். பள்ளிக்கூடத்தோடு விட்டது. வேகமாக நாலு வாக்கியம் வந்தால் பேய்முழி முழிப்போம். கீழே ஆட்கள் எழுந்து போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். நாங்கள் ஓட்டெடுப்புக்கு மணி அடிக்கும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மணி அடிக்கவில்லை. இணையமைச்சர் ஒருவர், இளவயதுக்காரர், எழுந்து கிராமப்புற செப்டிக் டேங்க் சோதனை பற்றிப் படிக்கத் தொடங்கினார். அப்போதும் உட்கார்ந்திருந்தோம்.

காவலர் குனிந்தார். "உங்களோடது முடிஞ்சு போச்சேம்மா. தெரியாதா?"

நூலாவின் முகம் விழுந்துவிட்டது. "போச்சா?"

"ஐயோ, அந்தப் போச்சு இல்லம்மா. நிறைவேறிடுச்சு. அரசாங்கம் எதிர்க்கலன்னு அமைச்சரே சொன்னாரு. யாரும் எதிர்க்கலன்னா ஓட்டே கிடையாது. இன்னும் குழு, மேலவைன்னு போவணும். ஆனா முக்கியமான வாசலைத் தாண்டியாச்சு."

வருடக்கணக்காக எதிர்பார்த்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு முனகலில் நடந்து முடிந்திருந்தது. நூலா காவலரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, தேவாலயத்துப் புறாக்களை விரட்டுகிற மாதிரி, பலமாகக் கை தட்டினாள்.

கீழே இணையமைச்சர் அப்போதுதான், எல்லா செப்டிக் டேங்குகளும் முறையாகச் சோதிக்கப்படும் என்ற வாக்கியத்தை முடித்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். தன் வாழ்நாளில் யாரும் தன் பேச்சுக்குக் கை தட்டிப் பார்த்திராத மனிதர். முகமெல்லாம் சிவந்து, மாடத்தைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினார். அதைப் பார்த்து இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இந்தமுறை நூலாவும் சிரித்தாள். கை தட்டுவதை நிறுத்தவில்லை.

சபாநாயகர் மணியைத் தட்டி, மாடத்தில் அமைதி வேண்டும் என்றார். காவலர் பதறிப்போனார்.

"அம்மா, அம்மா. இப்படிச் செஞ்சா நான் உங்களை வெளியில அனுப்பணும். ஒரே ஒரு சாரி சொல்லிட்டு உக்காந்துருங்க. நான் கண்டுக்காத மாதிரி போயிடறேன்."

எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சொல் அவள் நுனிநாக்கில் எப்போதும் தயாராக இருக்கும். ஜார்லத் அவளுக்காகத் தானே சொல்ல வாயைத் திறந்துவிட்டான். அவள் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"சொல்லமாட்டேன் தம்பி" என்றாள் காவலரிடம். "வரும்போது ஒண்ணு சொன்னேன் பாருங்க, அதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

ஊரே எழுந்து அவள் பின்னால் நடந்தது. கௌரவமாக வெளியேற்றப்பட்டோம். காவலர் எங்களுக்காகப் பெரிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனமான கதவு, கை நழுவி நூலாவின் முழங்கையில் இடித்துவிட்டது.

"சாரிம்மா" என்றார் அவர்.

"பரவால்ல தம்பி" என்றாள் நூலா. எத்தனையோ வருடமாகச் சொல்ல ஆசைப்பட்டுக் காத்திருந்த மாதிரி, ராணி கணக்காகச் சொன்னாள்.

வெளியே மழை. பஸ்ஸுக்குள் சாண்ட்விச்சைப் பிரித்தோம். டான்ஸி மூச்சு வாங்க ஓடி வந்து ஏறினார். எப்படி என் பேச்சு என்று கேட்டார். ரோட்டுக்கு முன்னால் வரை பிரமாதம் என்றேன். அழுதுகொண்டே சிரித்தோம். ஜார்லத் இரண்டு கோப்பை டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். ஊர் திரும்பும்போது நூலா முன் சீட்டில் உட்கார்ந்து பாடினாள், சுருதியே சேராமல். யாரும் அவளை நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் அது சட்டமானது. அதன் பிறகு தொலைவில் ஏதோ ஓர் ஊரில், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு, அவள் மகனை அடித்தவன் சிறையிலிருந்து வரப்போகும் நாளை முன்கூட்டியே போன் செய்து சொன்னார்களாம். டான்ஸி வந்து சொன்னார். நூலா அன்று முழுக்க எல்லா நாய்களுக்கும் இரண்டிரண்டு பிஸ்கட் போட்டாள்.

தாடிக்காரன் அந்த முதல் தடவைக்குப் பிறகு எங்கள் தபால் நிலையத்துப் பக்கம் வரவில்லை. வருடா வருடம் பக்கத்து ஊருக்குப் போய் உரிமம் வாங்கிக்கொண்டிருந்தான். நூலாவின் கதை பத்திரிகையிலும் வானொலியிலும் வந்தது, அவனும் கேட்டிருக்க வேண்டும். சட்டம் வந்த அந்த வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஓய்வூதியக்காரர்களின் வரிசையில் தபால்தலை வாங்க நான் நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. அவன். இந்தமுறை நாயையும் உள்ளே கூட்டி வந்திருந்தான். வரிசை தானாக விலகி வழி விட்டது. ஊருக்கே தெரியும் அவன் யார் என்று.

நூலாவின் கையைத்தான் பார்த்தேன். அது மேசை விளிம்புக்குப் போகவில்லை. பேனாவை எடுத்தது. மை இருந்தது.

"சார்ஜென்ட்டுக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

நாய் அந்த நேரம் பார்த்து உடம்பை உதறியது. சேறும் தண்ணீரும் தரையெல்லாம் தெறித்தது, என் காலுறையிலும்.

"சாரிம்மா" என்றான் அவன்.

நூலா எழுதுவதை நிறுத்தினாள். கண்ணாடி வழியாக அவனை நேராகப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள். "நாய்க்கா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். அவனிடம் சொல்ல என் வாயில் எத்தனையோ தயாராக இருந்தது, வருடக்கணக்காகச் சேர்த்து வைத்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

"நாய்க்கும்தான்" என்றான்.

நூலா உரிமத்தில் முத்திரை குத்தினாள். அடியிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு பிஸ்கட்டை உரிமத்தின்மேல் வைத்து, கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

"சரி" என்றாள்.